குடும்பப் போட்டோ

"அங்கிள், ஸ்வல்ப இந்தப் பக்கம் வாங்க," என்று போட்டோக்கார நாகேஷ் சவப்பெட்டியைச் சுற்றி ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார். பெட்டி மூடுமுன் குடும்பம் மொத்தமும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது விவேக் நகரில் விட்டுப்போகாத வழக்கம். கல்யாண வீடுகளுக்கும் இவர்தான். "கொஞ்சம் சிரி..." என்று வாய்க்கு வந்ததைப் பாதியில் விழுங்கினார்.

ஷெர்வின் அக்காவின் தலைமாட்டில் நின்றான். டெங்கு ஜோவிதாவை ஒரே வாரத்தில் முடித்திருந்தது.

வாசலில் ஸ்ரீவித்யா செருப்பைக் கழற்றினாள்.

பள்ளிக்கூடத்திலிருந்தே ஜோவிதாவும் அவளும் ஒரே தட்டில் தின்றவர்கள். அதற்கு மேலும் உண்டு என்பதை ஜோவிதா தம்பியிடம் மட்டும், நம்பிச் சொல்லியிருந்தாள். நல்ல சரக்கு கையில் சிக்கினால் வியாபாரி சும்மா இருப்பானா? சினிமா எடுப்பவன் ஷெர்வின், அதையே கதையாக்கிப் படம் எடுத்தான். இரண்டு பெண்கள், நட்பு, ஆசை, கடைசியில் தாமாகவே விலகிப்போகிறார்கள். பெயர்களை மாற்றினான், தெருவை மாற்றவில்லை. நிஜத்தில் அவர்கள் விலகியிருக்கவில்லை. படம் வந்து, தெரு அடையாளம் கண்டு பேசிய பிறகுதான் ஸ்ரீவித்யாவின் வரத்து நின்றது. ஜோவிதா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போடும்போது மட்டும் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

"யாருடா அது?" ஹெப்பகோடியிலிருந்து வந்திருந்த ஆம்ப்ரோஸ் மாமா ரகசியம் கேட்பதாக நினைத்துக் கேட்டார். துணிக்கடையில் கூவிப் பழகிய தொண்டை. "ஒன் படத்துல வர்ற பொண்ணா?"

அறை முழுக்கக் காது. அக்காவுக்கு நம்மையெல்லாம்விட நெருக்கமானவள், பக்கத்தில் நிற்கட்டும் என்று ஷெர்வின் சொன்னால் போதும்.

"இல்ல மாமா. அக்காகூட ஆபீஸ்ல வேலை செஞ்சவங்க."

ஸ்ரீவித்யா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்ப ஃபேமிலி மட்டும் நில்லுங்கப்பா," என்றார் மாமா.

அம்மா அல்போன்சா தலை தூக்கி அவளைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். ஜெபமாலையை உருட்டத் தொடங்கினாள்.

வெளியே மழை மூட்டம். நாகேஷுக்கு வெளிச்சம் போதவில்லை. பையிலிருந்து கைவிளக்கை எடுத்துச் சுற்றிலும் பார்த்தார். சும்மா நின்றவள் ஒருத்திதான்.

"மேடம், நீங்க ஃபேமிலி இல்லதானே? இத கொஞ்சம் புடிங்க. மொகத்துல விழணும்."

அவள் வாங்கிக்கொண்டு பெட்டியின் கால்மாட்டுக்கு வந்தாள்.

"எல்லாரும் இங்க பாருங்க. தம்பி, தலைய நிமித்துங்க. சினிமாக்காரரு, ஒங்களுக்கே சொல்லணுமா?"

ஷெர்வினின் தலை நிமிரவில்லை.

"மேடம், லைட்டு இன்னும் கொஞ்சம் மேல."

ஸ்ரீவித்யா தூக்கவில்லை. ஜோவிதாவின் கண் கூசாதபடி விளக்கைச் சற்றே தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள்.