கை கியர் வண்டி

சங்கிலியில் தொங்கிக்கொண்டு எஞ்சின் இப்படியும் அப்படியும் மெல்ல ஆடுகிறது, அதன் அடியில் கருப்பாய் ஒரு சொட்டு விழவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருக்கிறது, எஞ்சின் தலையைக் கழட்டுனா உள்ள துருதானுங்கம்மா இருக்கும், வேணும்னா பாருங்க, என்கிறார் மெக்கானிக் சார்லஸ், பட்டறைக்குள் போட்டுவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சௌந்தரம் அண்ணாந்து பார்க்கிறாள், அத்தனை காலம் தன்னைச் சுமந்துகொண்டு உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் ஓடியது இவ்வளவு சின்னதா, மூடிக்கு அடியில் இருந்தவரைக்கும் என்ன பெரிதாகத் தெரிந்தது, வெளியே எடுத்தால் ஒரு கன்றுக்குட்டி அளவுகூட இல்லை. பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் நாச்சிமுத்து, மடியில் தண்ணீர்ப் பாட்டில், முகத்தில் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவரின் பொறுமை, எஞ்சினைப் பார்க்காமல் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து அனுப்பினார்களே, அன்றிலிருந்து மனிதர் எதைச் சொன்னாலும் ஒரே பாட்டுத்தான், எனக்கெதுக்கு இனிப் புதுசு, இருக்கற வரைக்கும் இது போதும், கண்ணாடி கீறிப்போனால் கீறலோடு போட்டுக்கொள்கிறார், வார் அறுந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போடுகிறார், நல்ல ஜரிகை வேட்டியை வாட்ச்மேனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார், போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, அந்த ஃபியட்டையும் பழைய இரும்புக்குப் போட்டுரு புள்ள, எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, என்றார், அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, சோற்றில் கை வைத்தபடியே, நான் அதை ஓட வெக்கறன் பாருங்க மாமா, என்று சொல்லிவிட்டாள். வண்டி ஓடுவதெல்லாம் ரெண்டாம்பட்சம்தான், இந்த மனிதர் வாயிலிருந்து நாளைக்கு என்று ஒரு வார்த்தை வரவேண்டும், ஏதோ ஒன்று வேண்டும் என்று அவர் ஒருதரம் கேட்க வேண்டும், அதற்காக ஒரு எஞ்சினைத் தூக்கிச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட வேண்டுமென்றால் தொங்கவிடத்தான் வேண்டும்.

வால்பாறை எஸ்டேட்டிலிருந்து ஊருக்குப் போன ஒரு மேனேஜரிடம் அந்த ஃபியட்டை வாங்கிக்கொண்டு வந்த அன்று நாச்சிமுத்துவேதான் ஓட்டினார், ஓட்டினார் என்று சொல்வது பெரிய வார்த்தை, எதிரே லாரி வந்தால் அவருக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும், கண்ணை மூடிக்கொண்டு முருகா என்பார், அப்படி முதல் தடவை முருகா என்றபோது வண்டி மிளகாய்க் காட்டுக்குள் போய் நின்றது, இரண்டாம் தடவை யாரோ ஒருவருடைய எருமுட்டைக் குவியலில், அதற்குப் பிறகு சாவியை அவள் கையில் திணித்து, நீயே ஓட்டு புள்ள, எனக்கும் லாரிக்கும் ஒத்து வராது, என்கிறார், அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருகிறாள், சூலூர் டீக்கடையில் கிளாஸைப் பிடித்தபடி ஆம்பளைகள் எழுந்து நிற்கிறார்கள், ஒரு பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்கிறார், இவர் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வருகிறார். அவருக்குப் பருத்தி வியாபாரம், ஊர் ஊராகப் போய்ப் பஞ்சைப் பிய்த்து இழுத்துப் பார்த்து நீளம் சொல்லுவார், மடி நிறைய காகிதப் பொட்டலத்தில் மாதிரிப் பஞ்சு, வண்டி முழுக்கப் பஞ்சு பறக்கும், பின்சீட்டில் பிள்ளைகள் மாறி மாறித் தும்மும், ஜன்னலைத் திறந்தால் பஞ்சு போய்விடும், மூடினால் பிள்ளைகள் போய்விடும் என்று அவள் கத்துவாள், அவர் சிரிப்பார், அந்தச் சிரிப்பு இப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டது என்றுதான் தெரியவில்லை.

அந்த வண்டிக்குக் கியர் கீழே கிடையாது, ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், கை கியர், முன்சீட்டும் ஒரே நீளச் சீட்டு, ஒரு பருத்திக் காலத்தில் அவள் தண்ணீர்த் தொட்டியோரம் வழுக்கி விழுந்து இடது கையை முறித்துக்கொண்டாள், மாவுக்கட்டு போட்டாயிற்று, வியாபாரம் காத்திருக்குமா, நீ காலை அமுத்திச் சொல்லு, நான் கியரைப் போடறன், என்றார் லாரிக்குக் கண்ணை மூடுகிற மனிதர், அவளும் எந்தத் தைரியத்தில் சரி என்றாளோ, கிளட்சை மிதித்து ம் என்பாள், அவர் குச்சியைத் தள்ளுவார், மறுபடி ம், இழுப்பார், சூலூர் தாண்டுவதற்குள் நாலு தடவை வண்டி விக்கி நின்றது, பல்லடம் போய்ச் சேரும்போது இரண்டு பேருக்கும் கை வந்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகு முதல் நாள் வண்டியை எடுக்கிறாள், கை கியருக்குப் போகிறது, அங்கே ஏற்கெனவே அவர் கை இருக்கிறது, எடுங்க என்று அவள் சொல்லவில்லை, அவரும் எடுக்கவில்லை, அப்படியே பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிற வரைக்கும் அந்த வண்டியை இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டினார்கள், சண்டை போட்டு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்ட நாளிலும் ம் என்று சொல்லித்தானே ஆகவேண்டும், ஒரு ம் சொன்ன பிறகு எவ்வளவு நேரம் உம்மென்று இருக்க முடியும். மகன் கதிரவன் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த அன்று, கியர் போட ஆள் தருவாங்களா நாமளே கூட்டிட்டுப் போகணுமா, என்று கேட்டானாம், அதே கதிரவன் இப்போது ஓசூரிலிருந்து போனில், அம்மா, அந்த எஞ்சினத் தூக்கி எறிஞ்சுட்டு ஒரு வேன் எஞ்சின் வெச்சுக்கலாம், சாவியத் திருப்புனாப் போதும், கியர் கீழ வந்துரும், நீளச் சீட்டை அறுத்துட்டு ரெண்டு தனிச் சீட்டுப் போட்டுரலாம், என்கிறான், ஆமாண்டா, அப்படியே உங்கப்பனையும் எங்கிட்ட இருந்து அறுத்துத் தனியா உக்கார வெச்சுரு, என்று போனை வைத்துவிட்டாள். பிள்ளைகள் ஆளான பிறகு நாலுவழிச்சாலை வந்தது, மகன் தானாகக் கியர் மாற்றும் கார் ஒன்றைக் கொண்டுவந்து விட்டான், ஃபியட் தார்ப்பாய்க்குள் போயிற்று, சில வருஷம் கழித்து ஆசைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று போனால் எஞ்சின் அசையவே இல்லை, இறுகிப்போய்க் கிடந்தது, கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று அன்றைக்கு அவள் முந்தானையால் அந்த வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

சார்லஸ் எஞ்சினை மேஜையில் இறக்கி, போல்ட்டுகளைக் கழட்டி, தலையைத் தட்டித் தட்டிப் பெயர்த்துத் தூக்குகிறார், தூக்கியதுமே ஒரு வாசம் வருகிறது, பெட்ரோலும் இல்லை ஆயிலும் இல்லை, சௌந்தரம் சின்னப் பிள்ளையாகிவிடுகிறாள், அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு சங்கில் புகட்டுகிறாள், அவள் திமிறுகிறாள், முழுங்குடி, முழுங்குனாத்தான் விடுவன், தொண்டையில் கொழகொழவென்று இறங்குகிறது, விளக்கெண்ணெய், சாமி சத்தியமாக விளக்கெண்ணெய், எஞ்சினுக்குள் எப்படி. நாலு சிலிண்டரிலும் பாகு காய்ந்ததுபோல் மஞ்சளாய் அப்பிக்கொண்டிருக்கிறது, என்னங்கம்மா இது, இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணைப் பாத்ததில்லீங்க, என்று சார்லஸ் தின்னரை ஊற்றித் துணியால் அழுத்தித் தேய்க்கிறார், பாகு கரைந்து உள்ளே இரும்பு பளபளவென்று தெரிகிறது, துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. சௌந்தரம் திரும்பிப் பார்க்கிறாள், நாச்சிமுத்து காலண்டரை இன்னும் கவனமாகப் பார்க்கிறார், ஏனுங்க மாமா, என்கிறாள், என்ன ஏனுங்க, எங்கய்யன் மாட்டுவண்டி அச்சுக்கு அதத்தான ஊத்துவாரு, ஒருநாளாவது கிரீச்சுன்னு சத்தம் வந்திருக்குமா, சும்மா நிக்கற எஞ்சினுக்குப் பிளக்கைக் கழட்டிட்டு எண்ணெய் ஊத்தோணும்னு எவனோ சொன்னான், எந்த எண்ணெய்னு சொல்லலை, நல்ல எண்ணெயாப் பாத்து ஊத்துனன், என்கிறார், சார்லஸ் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், மாட்டுவண்டி அச்சும் பிஸ்டனும் ஒண்ணுங்களாய்யா, நீங்க ஊத்துனதுலதான் இது ஒட்டி இறுகிப்போச்சு, அட, நீங்க ஊத்துனதுலதான் துருவும் அண்டலை, நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, எல்லோரும் பொரியும் சுண்டலும் தின்ன உள்ளே போன பிறகு, பழைய வண்டிக்குப் பொட்டு வெச்சுட்டு வர்றன், என்று இவர் மட்டும் ஷெட்டிலேயே நின்றுகொள்வார், பொட்டு வைக்க இவ்வளவு நேரமா, திருட்டுத்தனமாகப் பீடி குடிக்கிறார் என்று அவள் வாயை மோந்துகூடப் பார்த்திருக்கிறாள், தப்பான இடத்தை மோந்திருக்கிறாள், கையையல்லவா மோந்திருக்க வேண்டும். கடைசியா எப்பங்கய்யா ஊத்துனீங்க, என்று சிரிப்பு அடங்காமல் கேட்கிறார் சார்லஸ், போன பூசைக்கு, என்கிறார் நாச்சிமுத்து, போன பூசை, அதாவது நெஞ்சைக் கிழித்துத் தைத்ததற்குப் பிறகு, இனி எனக்கு எதுவும் வேண்டாம் என்று வேட்டியைத் தூக்கிக் கொடுத்ததற்குப் பிறகு, யாருக்கும் தெரியாமல் ஷெட்டுக்குள் குனிந்து, மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு பிளக்காகக் கழட்டி, என்றைக்காவது ஓடட்டும் என்று ஊற்றியிருக்கிறார், அவளுக்கு அவரை அங்கேயே கட்டிக்கொண்டு அழவேண்டும்போல இருக்கிறது, பட்டறையில் நாலு பேர் இருக்கிறார்கள் என்று முந்தானையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.

சார்லஸ் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார், ரெண்டு வழி இருக்குதுங்கம்மா, இருக்கறதையே கழுவி, பிஸ்டன் ரிங்கை மட்டும் மாத்தி மாட்டிக் குடுத்தர்றன், மாசக் கடைசியில ஓடும், ஆனாப் புகை தள்ளும், ஆயில் குடிக்கும், மேடு கண்டா மொனகும், மூணு நாலு வருஷம் இழுக்கும், அவ்வளவுதான், இல்லீன்னா முழுசாப் பிரிச்சு, சிலிண்டரைக் கடைஞ்சு போர் போட்டு, கிராங்க் அரைச்சு, பிஸ்டனை எங்கியாவது தேடிப் பிடிச்சுப் புதுசாக் கட்டோணும், வருஷம் ஒண்ணு ஆயிரும், கட்டிட்டம்னா அப்புறம் உங்க பேரன் காலத்துக்கும் ஓடும். மொதல்ல சொன்னதே போதுமுங்க, சீக்கிரமாக் குடுத்துருங்க, என்று யார் சொன்னது, அவள்தான் சொல்லியிருக்கிறாள், யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது, நாச்சிமுத்து இப்போதுதான் காலண்டரை விட்டு அவள் பக்கம் திரும்புகிறார், ஏம்புள்ள, என்ன அவசரம், சும்மாதானுங்க மாமா, சும்மாவா, அப்ப நீயும் கணக்குப் போட்டுட்டயா. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள், அவர் அதைச் சிறு குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டார், ரெண்டு வருஷமாக இந்த மனிதரைப் பிடித்துத் திட்டிக்கொண்டே இருந்தாளே, போன ஆடியில் நர்சரிக்குப் போய்த் தென்னங்கன்று கேட்டவள், காய்க்க எத்தனை வருஷமாகும் என்று கேட்டுவிட்டு அதைக் கீழே வைத்துவிட்டு முருங்கைக் கொம்பு வாங்கிவந்தாள், எதற்கு, அன்றைக்குக் கேட்டிருந்தால் முருங்கைக்கீரை உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருப்பாள், இப்போதல்லவா தெரிகிறது, அவராவது வாய்விட்டுச் சொன்னார், அவள் வாயை மூடிக்கொண்டு வருஷத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். இல்லைங்க மாமா, என்கிறாள்.

நாச்சிமுத்து தண்ணீர்ப் பாட்டிலை அவள் மடியில் வைத்துவிட்டு, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, எஞ்சினிடம் போய்க் குனிந்து, தேய்த்துப் பளபளக்கிற அந்தச் சிலிண்டருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார், பஞ்சைத் தொட்டுப் பார்க்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும், பிறகு நிமிர்ந்து, சார்லஸ், போர் போட்டுருங்க, என்கிறார். லேத்துக்குக் கொண்டுபோக டெம்போ வந்து நிற்கிறது, சங்கிலி கடகடவென்று இழுபட, எஞ்சின் மறுபடியும் மேலே எழும்பி ஆடுகிறது, சௌந்தரம் எழுந்துபோய் ஒரு பக்கம் பிடிக்கிறாள், இந்தப் பக்கம் அவர் பிடிக்கிறார், தூரமா நில்லுங்கய்யா, வேட்டியெல்லாம் கறையாயிரும், என்று கத்துகிறார் சார்லஸ், டெம்போவுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இறக்குவதற்கு முன்னால் இன்னொரு தடவை கேட்டுவிடுவோம் என்று, வருஷம் ஒண்ணு ஆகுமுங்கய்யா, அப்புறம் அவசரப்படுத்தக் கூடாது, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, என்கிறார். ஆவட்டுமே, என்கிறார் நாச்சிமுத்து, நாங்க எங்கீங்க போயிரப் போறோம்.