தார் பூசிய பலகை

குடியரசு தினத்திலிருந்து இந்திதான் ஆட்சிமொழி என்று டெல்லி சொன்ன அறுபத்தைந்து ஜனவரியில் ஊரெல்லாம் கறுப்புக்கொடி. ‘சக்ரவர்த்தி, இந்தி பண்டிட்’ என்று என் வீட்டு வாசலில் தொங்கிய பலகைக்குத் தார் பூசியவர் எதிர்ச்சாரி சைக்கிள் கடை பரசுராமன். ஏணி என்னுடையது. எதற்கென்று கேட்காமல் கொடுத்த மேதாவியும் நானே.

“கோச்சுக்காத சாமி. கோவம் உன் மேல இல்ல, டெல்லி மேல.”

“அதுக்கு எங்காத்துப் பலகைதான் கெடச்சுதா?”

“டெல்லிக்குப் போவ பஸ் சார்ஜ் இல்ல சாமி.”

சின்ன காஞ்சிபுரமே சிரித்தது. அடுத்த மாதம் டெல்லி இறங்கி வந்து, இங்கிலீஷும் இருக்கட்டும் என்றது. என்னிடம் படித்த பதினொரு பேரில் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். பரசுராமனோடு பேச்சும் நின்றது. தெருவில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்த்தோம்.

செப்டம்பரில் பாகிஸ்தான் சண்டை. பட்டாளத்திலிருந்த அவர் மகன் துரைக்கண்ணு இறந்துவிட்டதாக இங்கிலீஷில் மூன்று வரித் தந்தி வந்தது. எப்படி என்று அதில் இல்லை. துக்கம் கேட்க வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் ஒரு காலை அவரே வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மகனோடு இருந்த சிப்பாய் எழுதியது. நாலு பக்கம், இந்தி.

“மூணு நாளா வச்சிக்கினு சுத்துறேன். புள்ள எப்டிப் போனான்னு தெரியணும். படிச்சிச் சொல்லு சாமி.”

மனசுக்குள் படித்தேன். வயிற்றில் குண்டு. ஆஸ்பத்திரி வண்டி வரவில்லை. அந்தச் சிப்பாய் துரைக்கண்ணுவை மடியில் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். விடியும்போது உயிர் போயிருக்கிறது.

“உடனே போயிட்டானாம். வலியே இல்லையாம்,” என்றேன்.

பரசுராமன் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அதுக்கு நாலு பக்கமா, சாமி?”

சொன்னேன். தமிழில், ஒன்று விடாமல். அவர் அழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இப்ப அத்த இந்தியிலயே படி.”

“உமக்குப் புரியாதே.”

“புரிய வாணாம். அவன் காதுல கடைசியா வுழுந்த பேச்சு அதானே.”

உரக்கப் படித்தேன். என் இந்தியை அவ்வளவு கவனமாகக் கேட்ட மாணவன் எனக்கு வாய்த்ததில்லை.