இட்லிக்கடை அக்காவின் இடது கை

எனக்கு கேமும் தெரியாது, கீமும் தெரியாது. விருத்தாசலத்துல பீங்கான் பொம்மைக்குக் கண்ணு எழுதறவ நான். ஆனா அந்த மெட்ராஸ் கம்பெனிக்காரங்க பண்ணது அநியாயம்னு சொல்ல, கேமு தெரியணும்னு ஒண்ணும் இல்ல.

எம்மவன் ஜெயபிரகாஷ் அந்தக் கம்பெனியிலதான் படம் போடறான். செல்போனுக்குள்ள தம்மாத்தூண்டு உருவமா ஓடுதுங்களே, அதுங்கள புள்ளி புள்ளியா வச்சு வரையறது அவன் வேலை. கேமு நல்லா ஓடுதாம். அதுல வர்றவங்கள பீங்கான் பொம்மையாப் போட்டு விக்கலாம்னு எங்க யூனிட்டுக்கே ஆர்டர் குடுத்தாங்க. பாத்துச் செய்யறதுக்குப் பெரிய பெரிய கலர் படமும் அனுப்புனாங்க. அது வேற ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சதாம்.

அதுல ஒருத்தி இட்லிக்கடை அக்கா. செக்கச்செவேல்னு, இடுப்பு ஒரு புடி, சோத்தாங்கையில கரண்டி. "இட்லி விக்கறவ இப்பிடியா இருப்பா? இவ தின்னே பல வருசம் ஆயிருக்கும் போலருக்குது"ன்னு சிரிச்சிக்கிட்டே சாம்பிளுக்கு வர்ணம் கொழைச்சேன்.

பக்கத்து ஸ்டூல்ல இருந்த சண்முகப்ரியா, "யக்கா, கேமுல இவ இப்பிடி இல்லக்கா"ன்னு போன நீட்டுனா. பொழுதுக்கும் கேமு ஆடற பொண்ணு அது.

பாத்தேன். குட்டையா, கருப்பா, நல்ல தாட்டியா ஒருத்தி நிக்கறா. மயில் கழுத்து கலர் பொடவை. ஓடி வர்றவனுக்கு இட்லி எடுத்து வைக்கறா. பீச்சாங்கையால! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தப் பொடவை எங்க வூட்டுக் கொடியிலதான் தொங்குது.

ஒடனே அவனுக்குப் போனப் போட்டேன். "ஏன்டா, அது யாருடா?"

"நீதாம்மா"ன்றான், சிரிச்சிக்கிட்டே.

வந்துச்சு பாருங்க கோவம். நான் பொறந்ததுலருந்தே எடது கைக்காரி. அதுக்குப் பட்ட அசிங்கம் கொஞ்சமா? ஸ்கூல்ல முட்டியிலயே அடி. கல்யாணமாயி வந்தா, பந்தியில நான் சாம்பார் வாளியத் தொட்டதும், "அவளப் போயி எல எடுக்கச் சொல்லுங்க"ன்னு எம்மாமியா ஊருக்கே கேக்கற மாரி சொன்னாங்க. அன்னிலருந்து இன்னி வரைக்கும் சொந்தக்காரங்க விசேஷத்துல நான் கரண்டி புடிச்சதில்ல. எச்சில் எல மட்டும் எந்தக் கையால எடுத்தாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க!

"ஒலகத்துக்கே என் பீச்சாங்கையக் காட்டிட்டியேடா பாவி"ன்னு கத்துனேன்.

அவன் சிரிப்ப நிறுத்திட்டான். "நீ ஒண்ணும் கவலப்படாதம்மா. அதான் படத்துல மாத்திட்டாங்களே. எடது கையால சோறு போட்டா பாக்கறவங்க மொகம் சுளிப்பாங்களாம். அடுத்த அப்டேட்டுல கேமுலயும் மாத்திடுன்னு என்கிட்டயே சொல்லிட்டாங்க."

போன வச்சப்புறம் மனசு ஆறவே இல்ல. காட்டுனதுக்குத்தான கோவப்பட்டேன், இப்ப மாத்தறாங்கன்னா சந்தோசப்படணுமில்ல? வரல. கலர வெளுத்தியா, போவட்டும். ஒடம்ப எளைக்க வச்சதுக்கு நானே கும்புடு போடறேன். என் கைய மாத்த நீ யாருடா?

நேரா மொதலாளி ஆனந்தராஜ்கிட்ட போனேன். என்னவிடச் சின்னவரு, அக்கான்னுதான் கூப்புடுவாரு. "கேமுல இருக்கற மாரியே எடது கை வச்சிப் போடலாங்க"ன்னேன்.

"சும்மா இருக்கா. எடது கையால சாப்பாடு போடற பொம்மைய எவன் வாங்கி வூட்டுல வைப்பான்?"

"ஏங்க, நம்ம கொலு பொம்மை அத்தனைக்கும் கண்ணு எழுதறது எந்தக் கைங்க? புள்ளையாரு எந்திரிச்சா ஓடிட்டாரு?"

"அது வாங்கறவனுக்குத் தெரியாதுல்ல. படத்துல இருக்கறத எழுதுக்கா"ன்னுட்டாரு.

தெரியாதுல்ல! தெரியாத வரைக்கும் இந்தக் கை வேணும். தெரிஞ்சா அபசகுனம். எந்த ஊரு நாயம் இது?

திரும்பி வந்து உக்காந்தா, சண்முகப்ரியா இன்னும் போனையே பாத்துக்கிட்டு இருக்கறா. "யக்கா, இங்க பாரேன். இந்த வாட்ச்மேன் அந்தப் பக்கம் நடந்தா தடி வலது கையில இருக்குது. இந்தப் பக்கம் திரும்புனா எடது கைக்குப் போயிடுது. பூக்காரிக்குக் கூடையும் அப்பிடித்தான். நீ மட்டும் எந்தப் பக்கம் திரும்புனாலும் எடது கைதான்க்கா."

அது என்ன கூத்துன்னு திரும்பவும் மவனுக்குப் போட்டேன். மொதல்ல மழுப்புனான். வுடல நான்.

"ஒரு பக்கம் மட்டும் வரைவோம்மா. அத அப்பிடியே கண்ணாடியில காட்டற மாரி திருப்பிப் போட்டா இன்னொரு பக்கம் ஆயிடும். சின்னச் சின்ன ஆளுங்களுக்கு அதான் வழக்கம். வேலை மிச்சம்."

"அப்ப நான்?"

"திருப்பிப் போட்டா உனக்கு சோத்தாங்கை ஆயிடுதும்மா. பாத்தா உன்ன மாரியே இல்ல. அதான் ரெண்டு பக்கமும் தனித்தனியா வரைஞ்சேன். எதுக்குடா வெட்டி வேலைன்னு திட்டு கூட வாங்குனேன்."

எனக்கு அழுகையும் வந்துது, ஆத்திரமும் வந்துது. எத்தனையோ பேரு இந்தக் கைய மாத்தப் பாத்தாங்க. எம்மவன் ஒருத்தன், ரெண்டு வாட்டி வரைஞ்சி அத இருந்த எடத்துலயே வச்சிருக்கறான். இப்ப அவன் கையாலயே அழிக்கச் சொல்றாங்க!

தூரிகைய எடுத்தேன். சோத்தாங்கையில புடிச்சேன். அந்தச் செவத்த இட்லிக்கடைக்காரிக்குக் கண்ணு எழுதுனேன். ஒரு கண்ணு நெத்திக்குப் போச்சு, இன்னொண்ணு கன்னத்துல வழிஞ்சிது. உதடு காதப் பாத்து ஓடுச்சு. கொண்டுபோயி மொதலாளி மேசையில டொக்குன்னு வச்சேன்.

"என்னக்கா கருமம் இது! யாரு எழுதுனது?"

"நீங்க கேட்ட சோத்தாங்கைங்க. வாங்கறவனுக்குத் தெரிஞ்சா நல்லதுதான? மிச்சப் பொம்மைக்கும் இதே கையாலதான் எழுதுவேன்."

மொறைச்சாரு. நானும் கண்ண எடுக்கல. அப்புறம் பொம்மையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. சிரிப்ப அடக்க முடியல அவரால. என் முன்னாடியே மெட்ராஸுக்குப் போன் போட்டாரு. "சார், பொம்மைய வாங்கப் போறவன் கேமு ஆடறவன். அவனுக்கு எடது கை அக்காவைத்தான் தெரியும். மாத்துனா உங்களத்தான் கேப்பான்"னு, என்னமோ அவருக்கே தோணுன மாரி பேசுனாரு. பேசட்டும், எனக்கென்ன.

சாயங்காலம் பதில் வந்துடுச்சு. பொம்மை கேமுல இருக்கற மாரியே போவட்டுமாம். கேமுலயும் கைய வச்சிக்கலாமாம். அந்தக் கலர் படத்த மட்டும் மாத்த முடியாதாம், ஊரெல்லாம் ஒட்டிட்டாங்களாம்.

பத்து நாள்ல புது அச்சுலருந்து தாட்டியான ஒடம்பும் கையும் தனித்தனியா வந்துச்சு. கரண்டி புடிச்ச எடது கை. களிமண் கூழ் தொட்டு நானே ஒட்டுனேன்.

எங்க யூனிட்டு செவுத்துல அவங்க அனுப்புன அந்தக் கலர் படம் இன்னும் தொங்கிக்கிட்டுதான் இருக்குது. புதுசா வேலைக்கு வந்த பொண்ணு, "யக்கா, அது நீங்களாமே?"ன்னு கேட்டா.

"அவ யாரோ. எனக்குத் தெரியாது"ன்னேன். "நான் இதோ இருக்கறேன் பாரு"ன்னு பொம்மைய அவ கையில குடுத்தேன், பீச்சாங்கையாலயே.