கங்காதரனின் துணையாள்

அன்று கோவில்பதாகை கிராமத்து வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்குப் பெரியவர் ஜம்புலிங்கம், மெசபடோமியா சண்டையில் இரண்டு கண்ணும் ஒரு காலும் போய்த் திரும்பிய அவருடைய மகன் கங்காதரன், மருமகள் பொன்னம்மாள், கிராம முன்சீப் தசரதன், பட்டணத்திலிருந்து சர்க்கார் அனுப்பிய குமாஸ்தா லோகநாதன், யாரும் கூப்பிடாமலே வந்து கதவோரம் நின்ற எதிர்வீட்டு முத்தம்மாள். அவ்வளவுதான்; வேறு யாரும் இல்லை.

சண்டை முடிந்த மறு வருஷம், மாசி மாதம். ஊனமாகித் திரும்பிய சிப்பாயை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் உறவுக்காரருக்குச் சர்க்கார் மாதப்படி கொடுக்கும். அப்படி ஒரு துணையாள் உண்டென்று குமாஸ்தா எழுதிவிட்டால் கங்காதரன் வீட்டில் இருக்கலாம். எழுதாவிட்டால் பெங்களூர் பட்டாள ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போகவேண்டும்.

ஜம்புலிங்கத்துக்கு மகனை அனுப்பவும் மனமில்லை, படி வாங்கவும் மனமில்லை. காலையிலிருந்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம ஊட்டுப் பொண்ணு புருஷனுக்குச் சோறு போடறதுக்கு வெள்ளக்காரன் கூலி குடுக்கறானா? இன்னாடா நாயம் இது?"

"அந்த ஆஸ்பத்திரிக் கஞ்சிய ஒரு வேள குடிச்சிப் பாரு நைனா. ரெண்டு கையும் நீட்டி வாங்கிக்குவே" என்றான் கங்காதரன்.

குமாஸ்தா மைக்கூட்டைத் திறந்து வைத்தார். "நான் கேக்கறதுக்கு இந்தம்மாதான் பதில் சொல்லணும். வேற யாரும் வாயைத் திறக்கக்கூடாது. போன வாரம் ஒரு ஊர்ல வாடகைக்குப் பொண்டாட்டி பிடிச்சு நிறுத்திட்டாங்க."

"எம்மாம் வாடக?" என்றாள் முத்தம்மாள். முன்சீப் பலமாக இருமினார்.

"உன் புருஷன் பேர் என்னம்மா?"

பொன்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். தாலி கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. அந்த வீட்டு மருமகள் எவளும் புருஷன் பெயரைச் சொன்னதில்லை.

"தல மேல வெச்சிக்கினு கீறாரே சாமி, அவரு பேருங்க."

"தலை மேலயா? சந்திரசேகரனா?" குமாஸ்தா எழுதவே தொடங்கிவிட்டார்.

கங்காதரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "பொன்னு, புதுசா ஒரு புருஷன் வந்துகினு கீறான் பாரு!"

குமாஸ்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "விளையாட்டா இருக்கா? கட்டினவன் பேரைச் சொல்லத் தெரியாதவளைத் துணையாள்னு நான் எப்படி எழுதறது?" மைக்கூட்டை மூடினார். காகிதங்களைக் கட்டத் தொடங்கினார்.

ஜம்புலிங்கம் எழுந்துவிட்டார். வாடகைக்கு ஆள் பிடிக்கிற வீடா இது? நாளைக்கு ஊர் அப்படித்தானே பேசும்? அந்தக் காகிதக் கட்டு வாசலைத் தாண்டினால் மகனும் அதன் பின்னாலேயே போய்விடுவான். எவர் முகத்தையும் பார்க்காமல், "சொல்லிடும்மா. குத்தம்னா என் தலையோட போவட்டும்" என்றார்.

முத்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜம்புலிங்கம் இப்படி இறங்கி வந்து அவள் பார்த்ததே இல்லை.

"வேணாம் மாமா" என்றாள் பொன்னம்மாள். பிறகு குமாஸ்தாவைப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னாள். "நம்பரு நாலாயிரத்து எழுநூத்திப் பன்னெண்டு. சாப்பர் பட்டாளம், பதிமூணாவது கம்பெனி. பாஸ்ரால கப்பல் எறங்குனது. அப்பாலிக்கா பெங்களூர் ஆஸ்பத்திரி, மூணாவது வார்டு, ஒம்போதாம் கட்டிலு."

குமாஸ்தா கட்டை அவிழ்த்தார். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஓர் எழுத்து பிசகவில்லை.

"இதெல்லாம் உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்லீங்க. ஆவடி டேசனாண்ட கடுதாசி எழுதறவராண்ட மூணு வருசமா இத்தத்தான் சொல்லிக்கினு வந்தேன். பேரு இல்லாமயே அல்லாம் போய்ச் சேந்துது."

"அத்தன கடுதாசியும் வந்துது சார்" என்றான் கங்காதரன். "மேல நம்பரு மட்டுந்தான் இருக்கும். எங்க சார்ஜெண்டு, எனக்கு எங்க ஊட்ல பேரே வெக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தான்."

குமாஸ்தா சிரித்துவிட்டார். மைக்கூடு மறுபடி திறந்தது. துணையாள் என்ற இடத்தில் பொன்னம்மாள் பெயர் ஏறியது.

ஜம்புலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கூலின்னு மட்டும் எழுதாதீங்க."

"படின்னுதான் எழுதியிருக்கேன் பெரியவரே."

"அப்ப செரி. முத்தம்மா, சும்மாத்தானே நிக்கிறே, ஐயாவுக்கு ஒரு சொம்பு மோர் கொண்டா."

சர்க்கார் படிக்காகப் பொன்னம்மாள் நாலு பேர் நடுவில் புருஷன் பெயரைச் சொல்லிவிட்டாள் என்று பூந்தமல்லிச் சந்தையில் ஒரு பேச்சு கிளம்பி, காட்டுப்பாக்கம் வரைக்கும் போயிற்று. சொல்லவில்லை. நம்பரைத்தான் சொன்னாள்.