இரண்டு லாரி அரிசியில் ஒரு ஸ்பூன்

முத்தம்மாவுக்குச் சாம்பிராணிப் புகையைத் தவிர வேறு எதன்மேலும் முழு நம்பிக்கை கிடையாது. அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் ஏற்றியபோது, லிஃப்ட் இருக்கிறது என்றார்கள். அது ஓடிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். புருஷன் அம்மாசியின் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது, சின்னதுதான் என்றார்கள். சின்னதுக்கு எதற்கய்யா மூன்று மாதம் காத்திருந்து ஆபரேஷன்? சாம்பிராணி அப்படியெல்லாம் பேசாது. கொளுத்தினால் புகையும், வீட்டைச் சுற்றி வரும், அவ்வளவுதான்.

அந்தச் சாம்பிராணியே அவளைக் காட்டிக்கொடுத்தது.

தரமணியில் அவள் கூட்டித் துடைக்கிற கம்பெனி, ஊரிலுள்ள பல ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன் படங்களைச் சேர்த்து வைக்கிற இடம். மூன்றாவது மாடியில் ஒரு பெரிய குளிர்ந்த கூடம். உள்ளே பீரோ பீரோவாகக் கறுப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பச்சைப் பொட்டுகள் மினுக்கிக்கொண்டிருக்கும். "இதுல எவ்ளோ கீது பாப்பா?" என்று செவ்வாய்க்கிழமை அவள் கேட்டாள். கேட்டது சிம்ராவிடம். மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயிலில் வந்துபோகிற பெண், இருபத்து நாலு வயது. அங்கே இருக்கிற இன்ஜினியர்களில் துடைப்பக்காரியிடம் உட்கார்ந்து பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

"நாலு பெட்டாபைட் அக்கா."

"அப்டின்னா? ஆளுக்குப் புரியற மாரி சொல்லு."

சிம்ரா கொஞ்சம் யோசித்தாள். "உங்க போன்ல எடுக்கிற ஒரு போட்டோவ ஒரு அரிசின்னு வெச்சுக்குங்க. இந்த ரூம்ல நூறு கோடி அரிசி இருக்கு. அம்பது கிலோ மூட்டையா கட்டினா நானூறு மூட்டை. ரெண்டு லாரி."

"தூ, அவ்ளோதானா? எங்க ரேஷன் கடைக்கே அவ்ளோ வருமே!"

"சிரிக்காதீங்க. ஒரு அரிசிய ஒரு செகண்ட் பாருங்க. அடுத்தத ஒரு செகண்ட். சோறு கிடையாது, தூக்கம் கிடையாது. எல்லாத்தையும் பாத்து முடிக்க முப்பத்தோரு வருஷத்துக்கு மேல ஆகும்."

முத்தம்மாவின் சிரிப்பு போய்விட்டது. முப்பத்தோரு வருஷம் என்றால் அவள் வாக்கப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை. "அப்போ எங்க ஊட்டுக்காரருது?" என்று மெதுவாகக் கேட்டாள். அம்மாசிக்குத் திங்கட்கிழமைதான் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன்.

சிம்ரா தேடிப் பார்த்துச் சொன்னாள். "ஏழாவது வரிசைல இருக்காரு. ஆயிரத்து எண்ணூத்து நாப்பது படம். ஒவ்வொண்ணும் குட்டிப் படம், எல்லாம் சேத்து ஒரு ஸ்பூன் அரிசி. இன்னொரு காப்பி சனிக்கிழமைதான் ஹைதராபாத்துக்குப் போகும். அதுவரைக்கும் இங்க மட்டும்தான்."

அன்று ராத்திரி முத்தம்மாவுக்குத் தூக்கமில்லை. இரண்டு லாரி அரிசியில் ஒரு ஸ்பூன் சிந்திப்போனால் எவன் கவனிக்கப் போகிறான்? அந்த ஸ்பூன் தொலைந்தால் டாக்டர் எதைப் பார்த்து வெட்டுவார்? மறுபடி ஸ்கேன், மறுபடி மூன்று மாதம். அம்மாசிக்கு அவ்வளவு நாள் கிடையாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

புதன்கிழமை ஆயுத பூஜை. மேனேஜர் சண்முகசுந்தரம் கூடத்தின் கதவில் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலிலேயே கற்பூரம் காட்டி, பூசணிக்காயைத் தெருவில் உடைத்தார். உள்ளே ஒரு ஊதுவத்திகூடப் போகக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. தன்னுடைய சாவிக்கொத்தைத் தன் அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும் என்று அறையைப் பூட்டி, அந்த ஒரு சாவியோடு மட்டும் தி. நகருக்குப் புறப்பட்டார். மற்றவர்களும் பொரிப் பொட்டலத்தோடு பன்னிரண்டு மணிக்கெல்லாம் கலைந்துவிட்டார்கள். மூன்றாவது மாடியில் மிஞ்சியது இரண்டு பேர்: கண்ட்ரோல் ரூமில் சிம்ரா, துடைப்பத்தோடு முத்தம்மா.

வாசலில் காட்டியது வாசலுக்குத்தானே? உள்ளே ஏழாவது வரிசையில் கிடக்கிற மனுஷனுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? முத்தம்மா மடியில் ஒரு கப் சாம்பிராணி கொண்டுவந்திருந்தாள். பிஸ்கட் டப்பா மூடியில் வைத்துக் கொளுத்திக்கொண்டு, அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். ஏழாவது வரிசை. தரையில் வைத்துக் கும்பிட்டாள். "தாயே, இந்த ஒரு ஸ்பூன மட்டும் பாத்துக்கோ."

புகை அவள் நினைத்தமாதிரி நிதானமாகச் சுற்றவில்லை. பெட்டிகளின் காற்றாடிகள் அதை ஒரே இழுப்பாக இழுத்துக் கூரைக்குத் துப்பின. கண்ணை மூடித் திறப்பதற்குள் கூடமே அலறியது. சிவப்பு விளக்கு சுழன்றது. ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷில் எண்ணத் தொடங்கியது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முத்தம்மாவிடம் சிம்ரா சொல்லியிருந்தாள்: புகை வந்தால் முப்பது எண்ணுவார்கள், பிறகு கூரையிலிருந்து கேஸ் இறங்கும். தீ அணைந்துவிடும்; ஆனால் அது இறங்குகிற சத்தத்திலேயே பெட்டிக்குள் இருக்கிற டிஸ்க்கெல்லாம் அதிர்ந்து கெட்டுப்போகும். உள்ளே ஆள் இருந்தால் மூச்சுக்குக் காற்று இருக்காது. கதவுக்கு வெளியே மஞ்சள் பட்டன். அதை அமுக்கிப் பிடித்திருக்கிறவரை கேஸ் வராது. "தூசி துடைக்கிறேன்னு அதத் தொட்டுடாதீங்க அக்கா" என்று சிரித்தாளே, அந்தப் பட்டன்!

சாம்பிராணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வழுக்கி விழுந்தாள், எழுந்தாள். கதவைத் தாண்டி, இரும்பு வளையத்துக்குள் இருந்த மஞ்சள் பட்டனில் கட்டைவிரலை அழுத்தியபோது அதன் மேலிருந்த எண் பலகையில் எண்ணிக்கை ஒன்பதில் நின்றது.

சிம்ரா ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமில்லை. "யா அல்லாஹ்! எங்க தீ?"

"தீ இல்ல பாப்பா. நான்தான். சாம்பிராணி வெச்சேன். உள்ளயே வுட்டுட்டு வந்துட்டேன்." முத்தம்மா பட்டனை விடாமல் தாடையால் கதவைக் காட்டினாள். "பொகைஞ்சுகினு கீது."

திட்டியிருந்தால் தேவலை. சிம்ரா திட்டாமல் போனை எடுத்தாள். இரண்டு முறை அடித்தும் சண்முகசுந்தரம் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் பாண்டி பஜார் இரைச்சல்.

"சார், அலாரம் பேனல ஆஃப் பண்ணச் சாவி வேணும்."

"எங்கிட்ட ஏது? பூஜைல வெச்சிருக்கேன். ரூம் பூட்டிருக்கு. நான் கிளம்பி வர்றேன், முக்கால் மணி நேரம்..."

"அவ்ளோ நேரம் தாங்காது சார். முத்தம்மா அக்கா கையால புடிச்சிட்டு நிக்கிறாங்க. ஒம்பது செகண்ட்தான் பாக்கி."

அந்தப் பக்கம் ஒரு கத்தல். "ரூம் கண்ணாடிய ஒடை! சரஸ்வதிகிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கறேன், நீ ஒடைம்மா!"

ஆனால் சிம்ரா அறைப் பக்கம் போகவில்லை. கூடத்தின் கதவைப் பார்த்தாள். "உள்ள புகை வந்துட்டே இருந்தா பேனல ஆஃப் பண்ணாலும் திரும்ப அடிக்கும். மொதல்ல அத வெளிய எடுக்கணும்."

"வோணாம் பாப்பா! என் கை வழுக்கிட்டா?"

"வழுக்காம பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள், பாவி மகள்.

முத்தம்மா அந்த நிமிஷத்தில் பயந்ததுபோல் பிறந்ததிலிருந்து பயந்ததில்லை. வீட்டை இடித்தபோதும் பயந்தாள்தான், டாக்டர் கட்டி என்றபோதும் பயந்தாள்தான். ஆனால் அதெல்லாம் அடுத்தவன் கையில் இருந்தது. இப்போது எல்லாம் அவளுடைய ஒரு கட்டைவிரலில் இருந்தது. கை வியர்த்தது. வளையத்துக்குள் இன்னொரு விரல் நுழைய இடமில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துச் சுவரோடு சாய்ந்துகொண்டாள். நூறு கோடி அரிசியும் கண்முன் வந்தது. ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தியின் புருஷன், யாரோ ஒருவனின் பிள்ளை. ஒரு ஸ்பூனுக்காக இரண்டு லாரியையும் கவிழ்க்கப் பார்த்தேனே பாவி! போதாததற்கு ஊரான் பெற்ற பெண் உள்ளே நிற்கிறாள்.

"சிம்ரா! ஏ சிம்ரா! இன்னாடி பண்ற?"

அலாரத்தில் பதில் கேட்கவில்லை. விரல் மரத்துப்போனது. அமுக்குகிறதா இல்லையா என்றே தெரியாமல், கண்ணை எடுக்காமல் அந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டாக மாறினால்தான் தெரியும்.

கதவு திறந்தது. டப்பா மூடியைக் கையில் ஏந்தி இருமிக்கொண்டே சிம்ரா வந்தாள். நேரே பாத்ரூமில் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள். பிறகு தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிப்போய் மேனேஜர் அறைக் கண்ணாடியில் ஒரே போடு. குங்குமம் ஒட்டிய சாவிக்கொத்தோடு திரும்பி வந்து, புகை அடங்கும்வரை காத்திருந்து, சுவரில் இருந்த அலாரம் பேனலில் சாவியைப் போட்டுத் திருகினாள். அலாரம் நின்றது. ஒன்பதும் அணைந்தது.

"அவ்ளோதான் அக்கா. கைய எடுங்க."

"எடுக்கமாட்டேன்."

"ஆஃப் பண்ணியாச்சு அக்கா!"

"மொதல்ல அவரு இருக்காரான்னு பாரு."

சிம்ரா லேப்டாப்பை எடுத்துவந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் வட்டங்கள். அடுத்த படம், அடுத்த படம். "பாருங்க, இருக்காரு. ஆயிரத்து எண்ணூத்து நாப்பதும் இருக்கு." முத்தம்மாவுக்கு அதில் புருஷனின் முகம் எங்கேயும் தெரியவில்லை. ஆனாலும் கடைசிப் படம்வரை ஓட்டச் சொன்னாள். அப்புறம்தான் விரலை எடுத்தாள், அது நிமிரவில்லை.

சண்முகசுந்தரம் வந்தபோது வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். "சென்சார் கோளாறுன்னு எழுதிடலாம் சார்" என்று சிம்ரா ஆரம்பித்தாள்.

"இல்ல சார். நான்தான் சாம்பிராணி வெச்சேன்" என்றாள் முத்தம்மா. பொய் சொன்னால், உள்ளே போய் வந்த இந்தப் பெண்ணின் வேலையும் போகும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் கத்தவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்னால உன்ன வெச்சுக்க முடியாதும்மா. நாளையிலேர்ந்து வராத" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

நாலு மணிக்கு அவள் அடையாறு ஆஸ்பத்திரி வார்டில் இருந்தாள். அம்மாசி கட்டிலில் சுருண்டு படுத்திருந்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மடங்கிய கட்டைவிரல் சரியாக நாடிமேல் உட்கார்ந்தது.

"இன்னா, இன்னிக்கு சீக்கிரமே வந்துட்ட?"

"ஆயுத பூஜ இல்ல? அர நாளுதான்."

"பொரி எடுத்தாரலியா?"

"மறந்துட்டேன்."

"நாளைக்கி வேல?"

"லீவுதான்."

"நாளான்னிக்கி? ஆப்பரேசன் அன்னிக்கி?"

"அன்னிக்கும் லீவு."

"அடேங்கப்பா! நல்ல கம்பெனிதான்டி" என்றான் அம்மாசி. கொஞ்ச நேரம் கழித்து, "கைய வுடேன், இப்டியா அமுக்குவ? வலிக்குது" என்றான்.

அவள் விடவில்லை.