முன்னால் உட்கார்ந்த அத்தை

தோணியில் யார் முன்னால் உட்காருவது என்பதிலேயே சின்னராசாவுக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது.

அது தேயிலைத் தோட்டத்துத் தொரையுடைய தோணி. மரச்சட்டத்தின்மேல் கித்தானை இழுத்துக் கட்டி, ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்கார இரண்டு வாய் மட்டும் விட்டது. தொரை அதைக் கயாக் என்பார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் பாவக்காய் என்றார்கள். தொரை சீமைக்குத் திரும்பப் போவதால் அதைக் கீழ்த் தோட்டத்துத் தொரைக்கு விற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆற்றோடு ஓட்டிக்கொண்டு போய் அங்கே ஒப்படைக்கும்படி சின்னராசாவுக்கு உத்தரவு. ஓய்வு நாட்களில் தொரையோடு போய்த் துடுப்புப் போடப் பழகியவன் அந்தத் தோட்டத்தில் அவன் ஒருவன்தான்.

சேதி தெரிந்ததும் ராக்காயி அத்தை வந்து நின்றாள். கீழ்த் தோட்டத்தில் அவளுடைய நாத்தனாருக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பார்க்கப் போகவேண்டும், முழங்கால் வலியோடு மலைப்படி அத்தனையும் இறங்க முடியாது, என்னையும் ஏற்றிக்கொள் என்றாள்.

சின்னராசாவுக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். அத்தை அவன் அப்பாவின் தங்கை. அவள் மகள் அழகம்மா அவனுக்கு முறைப்பெண். கந்தப்பளையிலிருந்து ஒரு லொறி டிரைவர் வீட்டார் வந்து அழகம்மாவைக் கேட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். முந்தின நாள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது அழகம்மா அவனிடம் சொல்லிவிட்டாள்: "எனக்கு ஒன்னைத்தான் புடிச்சிருக்கு. அம்மாகிட்ட நீதான் கேக்கணும். நான் கேட்டா அறைதான் விழும்."

ஆகவே இன்று கேட்டாகவேண்டும். அத்தை முன்னால் உட்கார்ந்தால் அவன் கால் அவள் முதுகில் முட்டும். பெரியவர்களைக் காலால் தொடலாமா? அவன் முன்னால் உட்கார்ந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு பெண் கேட்கவேண்டும். அது இன்னும் மோசம். கரையில் நின்று இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தான்.

"என்னாடா, தோணிக்குக் கண்ணேறு கழிக்கிறியா?"

"இல்லங்க அத்தெ. நீங்க முன்னுக்கு இருந்தா என் கால் ஒங்க மேல படும்."

"பட்டா பட்டுட்டுப் போவுது. இடுப்புல தூக்கி வச்சிருந்தப்ப நீ ஒதைக்காத ஒதையா? புடி தோணிய."

மடியில் ஒரு துணிமூட்டையோடு அத்தை முன்னால் ஏறிக்கொண்டாள்.

பட்டிப்பொலப் பக்கத்துக் காட்டுப் பாறைகளிலிருந்து கசியும் ஊற்றுகள் சேர்ந்து ஆறாகி வரும் தண்ணீர் அது. மழை விட்ட மாசி மாதம். அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் கைக்கு எட்டுவதுபோல் தெரிந்தது. எட்டுகிறதா என்று துடுப்பை இறக்கிப் பார்த்தான். துடுப்பு முழுக்கப் போயும் தரை தட்டவில்லை. இரண்டு கரையிலும் புல்வெளி, அதற்கு மேலே தேயிலை. ஆறு அவசரமில்லாமல் வளைந்து வளைந்து போனது.

கிளாக்கர் வேலைப் பரீட்சைக்காக அவன் போய்க்கொண்டிருந்த பரமலிங்கம் மாஸ்டரின் மாலை வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எடுத்தவுடன் விஷயத்துக்கு வரக்கூடாது, முன்னுரை வேண்டும். சின்னராசா முன்னுரையிலிருந்து தொடங்கினான்.

"முழங்கால் எப்பிடிங்க இருக்கு?"

"காலாத்தான் இருக்கு."

"மாடு கன்னு போட்டுச்சாமே?"

"போட்டுச்சு."

"என்ன கன்னுங்க?"

"மாட்டுக் கன்னுதான்."

கோபமா, கேலியா, வேறு யோசனையா? முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவனுக்குத் தெரிந்ததோ அத்தையின் கொண்டையும் முக்காடும்தான். தண்ணீரில் முகம் விழுகிறதா என்று பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தான். அந்தத் தெளிந்த தண்ணீரில் கூழாங்கல்தான் தெரிந்தது. தோணி ஒரு ஆட்டம் ஆடியது.

"ஏன்டா சாயுற? ஐயோ, அந்த மீனப் பாரு! முந்தானையிலயே அள்ளலாம் போலிருக்கே."

"தொரைமார் தூண்டி போட வளக்குற மீனுங்க அத்தெ. நாம புடிச்சா வேலை போயிரும்."

"மீனெல்லாம் நம்மளாட்டம் காலையில வேலைக்கு முந்திப் பெரட்டுக்கு வந்து நிக்குதா, தலைய எண்ணிப் பாக்க?"

அவள் சிரிப்பது தோளில் தெரிந்தது. இதுதான் சமயம் என்று நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் தோணி ஒரு பாறைச் சரிவுக்கு வந்துவிட்டது. கற்களின் மேல் தண்ணீர் பேரிரைச்சலோடு விழுந்து ஓடியது. இப்போது விட்டால் இனி வாய் வராது என்று பயந்து அந்த இரைச்சலுக்குள்ளேயே, "அத்தெ, அழகம்மாவ எனக்குக் குடுங்க!" என்று கத்தினான்.

"கல்லு! கல்லு!" என்றாள் அத்தை.

துடுப்பால் கல்லைத் தள்ளித் தோணியைத் திருப்பினான். ஆறு மறுபடி அமைதியானது. அத்தை முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கேட்கவில்லையா? கேட்டும் கேளாதவள்போல இருக்கிறாளா? இரண்டாம் தடவை கேட்டால் அவமானமாகிவிடுமா? வெகுதூரம் போனபின் சுற்றி வளைத்து வந்தான்.

"கந்தப்பளைக்காரங்க எப்பிடிப்பட்டவங்க அத்தெ?"

"அவங்களுக்கு என்ன, நல்லவங்கதான்." சற்றுப் பொறுத்து, "ஒனக்குப் பரீட்சை எப்ப?" என்று கேட்டாள்.

எதற்கு இதைக் கேட்கிறாள்? "சித்திரை கழிஞ்சு வருங்க."

"பாஸ் பண்ணுனா கிளாக்கரா?"

"பாஸ் பண்ணுவனான்னே தெரியாதுங்க."

அத்தை ஒரு பெருமூச்சு விட்டாள். அது அவன் தோற்பான் என்றா, தேறுவான் என்றா?

வெயில் உச்சிக்கு வந்ததும் துடுப்பை மேலே வைத்துத் தோணியை ஆற்றின் போக்கில் விட்டான். அத்தை மூட்டையை அவிழ்த்து ரொட்டியையும் சம்பலையும் தோளுக்கு மேலாக நீட்டினாள். எட்டி வாங்கும்போது மூட்டைக்குள் இருந்தது அவன் கண்ணில் பட்டது. பச்சைக்கரை போட்ட புது வேட்டி. அதன்மேல் வெற்றிலைக் கட்டும் பாக்கும்.

ஒரு வாய் கடித்த ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டான். பிள்ளை பார்க்கப் போகிறவள் வேட்டி எதற்குக் கொண்டுவருகிறாள்? பெண் கொடுக்கச் சம்மதம் என்றால் மாப்பிள்ளை கையில் வேட்டியும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுப்பார்கள். வேறு இடத்தில் கொடுப்பது என்றாலும் முதலில் முறை மாப்பிள்ளைக்கு அதே வேட்டி, அதே வெற்றிலை பாக்குதான். அவன் அதை வாங்கிக்கொண்டால் முறையை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். வாங்காமல் அடுத்த இடத்தில் தாலி ஏறாது. மூட்டைக்குள் இருப்பது எந்த வேட்டி? நல்லது என்று நினைக்கப் பயமாக இருந்தது. கெட்டது என்று நினைக்க மனம் வரவில்லை. மிச்ச ரொட்டியை மீனுக்குப் போட்டான்.

கீழ்த் தோட்டத்துத் துறை வந்தது. சின்னராசா தண்ணீரில் குதித்துத் தோணியைக் கரையில் அணைத்து, அத்தையைக் கைப்பிடித்து இறக்கினான். காலையிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

அவள் வேட்டியை எடுத்து வெற்றிலை பாக்கை மேலே வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். "வாங்கிக்க மருமவனே."

"எதுக்குங்க?"

"அழகம்மாவக் கந்தப்பளைக்குக் குடுக்கப் போறோம். மொறை ஒனக்கு. நாலு பேர் முன்னுக்கு வச்சுக் கேட்டா ஒன் மனசு சங்கடப்படும்னுதான் தோணியில ஏறுனேன். பிள்ளை பாக்குறதெல்லாம் ஒரு சாக்கு. காலையிலேருந்து சொல்லப் பாக்குறேன், ஒன் மூஞ்சியப் பாக்காம வாய் வரல."

"நான் வேணாம்னு எப்பங்க சொன்னேன்?"

"வேணும்னு எப்பச் சொன்ன? கிளாக்கரா ஆகப் போறவன் கொழுந்தெடுக்குறவளக் கட்டுவானான்னு ஒன் மாமா கேட்டாரு. நான் என்னாத்தச் சொல்ல?"

"நான் கேட்டேங்களே! அந்தப் பாறைக்கிட்ட! அழகம்மாவ எனக்குக் குடுங்கன்னு கத்துனேனே!"

"நீ கத்துனது தெரியும். தோணி கவுறப் போவுதுன்னுதான் கத்துறேன்னு நெனைச்சேன். நான் சாமியக் கும்புட்டுக்கிட்டு இருந்தேன்."

சின்னராசா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். முன்னுரை எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. "நான் வாங்க மாட்டேங்க. எனக்கு அவ வேணும். அவளுக்கும் இஷ்டந்தான்."

"அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"அறை விழும்னு பயந்துக்கிட்டு."

"விழத்தான் போவுது கழுதைக்கு."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. அவனும் கையை முன்னால் கொண்டுவரவில்லை. இப்போதும் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திட்டுகிறாளா, ஒத்துக்கொள்கிறாளா? கடைசியில் அத்தை வேட்டியை மூட்டைக்குள் திணித்து முடிச்சுப் போட்டாள்.

"நிக்கிறியே மரம் மாதிரி! சாயங்காலம் அவங்க வந்துருவாங்க. ஒன் மாமா 'சரி'ங்கிறத வாய்க்குள்ள வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அதுக்கு முன்னுக்குப் போயி நிக்கணும். பாவக்காய ஒப்படைச்சிட்டு வா."

அவன் ஓடிப்போய்த் தோணியைக் காவல் வாச்சரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தபோது அத்தை மலைப்படிகளில் கொஞ்சத் தூரம் ஏறியிருந்தாள். நொண்டி நொண்டித்தான் ஏறினாள், ஆனாலும் நிற்கவில்லை. எட்டிப் பிடித்து, "மூட்டையக் குடுங்க அத்தெ, நான் தூக்குறேன்" என்று கையை நீட்டினான்.

அவள் வெடுக்கென்று மூட்டையை அடுத்த பக்கம் மாற்றிக்கொண்டாள்.

"தொடாத! நீ தொட்டா வாங்குனதா ஆயிரும்."

சின்னராசா இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பின்னால் ஏறினான்.