நூற்றுக்குப் பதினொன்று

அந்த வீட்டில் எண் என்றால் அது ஆரம்ப விலை. யார் எதைச் சொன்னாலும், அது மருத்துவர் சொல்லும் ரத்த அழுத்தமாகவே இருந்தாலும், மூன்றில் ஒரு பங்கைக் கழித்த பிறகுதான் காதில் வாங்குவார்கள். தொட்டிலும் நடைவண்டியும் குழந்தைத் துணியும் விற்கிற கடையை இந்தப் பழக்கம்தான் நிமிர்த்தி வைத்திருக்கிறது என்பது அப்பாவின் கட்சி.

இரண்டாவது கடையை எந்த ஊரில் திறப்பது என்று அன்றைக்கு முடிவாக வேண்டும். எந்த ஊரானாலும் அதை நடத்தப் போகிறவள் மகள்தான். கடை எழுந்து நிற்காவிட்டால் பழையபடி அண்ணனுக்குக் கீழே ரசீது கிழிக்க வேண்டியதுதான். இத்தனை வருஷம் கிழித்ததே போதும் என்றிருந்தது அவளுக்கு.

கடையின் பின்னறையில், பிரிக்காத நடைவண்டிப் பெட்டியின்மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"துறைமுக ஊர்ல பன்னெண்டு லட்சம் பேரு. உன் மில் ஊர்ல அஞ்சு. இதுல பேச என்ன இருக்கு?" என்றான் அண்ணன்.

"ஆளு இருக்காங்க, புள்ளைங்க இல்லண்ணா. முக்காவாசி பேரு வேலைக்கு வந்த தனிக்கட்டைங்க. அஞ்சு வயசுக்குக் கீழ நூத்துக்கு நாலுதான். மில் ஊர்ல நூத்துக்குப் பதினொண்ணு. பெருக்கிப் பாரு. உன் ஊர்ல நாப்பத்தெட்டாயிரம் குழந்தைங்க, என் ஊர்ல அம்பத்தஞ்சாயிரம். தாடி வெச்சவனா தொட்டில்ல படுக்கப் போறான்?"

அப்பா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"பதினொண்ணுன்னு யாரு சொன்னது?"

"கணக்கெடுப்பு. வீடு வீடாப் போய் எண்ணியிருக்காங்க."

"எண்ணினவன் மேல வெச்சுத்தான் சொல்லுவான். ஏழுன்னு வெச்சுக்க."

"வெச்சுக்கறதுக்கு இது என்ன கத்திரிக்காயா?"

"சரி, உனக்காக எட்டு."

"அப்போ உன் பன்னெண்டு லட்சத்துலயும் கழி."

"கழிச்சாச்சு. எட்டு லட்சம். அப்பவும் என் ஊர்தான் பெரிசு."

"அந்த நாலுல கழிக்கலையே?"

"கம்மியாச் சொல்றவன் எதுக்குப் பொய் சொல்றான்?" என்றான் அண்ணன், நியாயத்தின் மறு உருவமாக.

விகிதம் என்றால் என்ன என்று விளக்கினாள். வயது வாரியாகப் பட்டை போட்ட படத்தைக் காட்டினாள். படம் அழகாக இருக்கிறது என்றார் அப்பா. அண்ணன் மட்டும் ஒரே பிடியாக நின்றான்: "எட்டு. அதுக்கு மேல இல்ல."

அவளுக்குத் தலை சூடேறிவிட்டது.

"பத்துக்குக் கீழ வர மாட்டேன்."

சொன்ன பிறகுதான் தனக்கே உறைத்தது. அண்ணன் நிதானமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். சரக்கு கைக்கு வந்துவிட்டவனின் முகம் அது.

"பாத்தீங்களாப்பா. நெசமாவே பதினொண்ணா இருந்தா எதுக்கு எறங்கறா?"

"வாய் தவறி வந்துடுச்சுண்ணா. அது பதினொண்ணுதான்."

"வாய் தவறி வந்தாலும் வெல வெலதாம்மா," என்றார் அப்பா. சுவரில் தொங்கிய வரைபடத்தின் அருகே போய், ஒரு கையைத் துறைமுகத்திலும் மறு கையை மில் ஊரிலும் வைத்து, இரண்டையும் மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தார். விரல்கள் முட்டிய இடத்தில் பொடி எழுத்தில் ஒரு ஊர் இருந்தது. "ரெண்டு பேரும் பாதி பாதி விட்டுக் குடுங்க. இதையே முடிச்சுடலாம்."

"அப்பா, ஊரை எப்படிப்பா பாதி பாதியாப் பேசறது?"

"பேசியாச்சு." பெட்டியின்மேல் உள்ளங்கையைத் தட்டினார். அந்த வீட்டில் தட்டிய கைக்கு மேல்முறையீடு கிடையாது. அண்ணனும் தலையாட்டிவிட்டான். தான் தோற்கவில்லை, தங்கையும் ஜெயிக்கவில்லை. அவனுக்கு அது போதும்.

அப்பா தரகரின் எண்ணைத் தேடுவதற்குள் அவள் அந்த ஊரைத் தேடிப் பார்த்தாள். நல்ல காற்று, நல்ல தண்ணீர், ஓய்வு பெற்றவர்கள் வந்து குடியேறுகிற இடம். மூன்றில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். ஐந்து வயதுக்குக் கீழே நூற்றுக்கு இரண்டு. திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"பெரியவங்க இருந்தா பேரப்புள்ளைங்க இல்லாமயா போயிடும்?" என்றார்.

"அந்தப் பேரப்புள்ளைங்க மில் ஊர்ல இருக்காங்கப்பா."

ஆனால் அவர் அதற்குள், "தரகரா? ஆமா, நாங்கதான்," என்று பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் கிடங்குக்காரர் வந்து நின்றார். "புதுக் கடைக்கு எத்தனை தொட்டில் ஏத்தட்டும்மா?"

"ரெண்டு."

"ரெண்டு டஜனா?"

"ரெண்டு."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்போ லாரியில மிச்ச எடம்?"

"நாற்காலி ஏத்துங்க," என்றாள். "வர்றவங்க உக்காரணுமில்ல."